புற்றுநோயில் எபிஜெனடிக் மாற்றங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயாப்சி ரிப்போர்ட்டில் ‘எம்ஜிஎம்டி மெத்திலேட்டட்’, ‘எம்எல்ஹெச்1 ப்ரமோட்டர் மெத்திலேஷன்’ என்ற வரிகளைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். இன்னொரு பக்கம், சாப்பாட்டை மாற்றினால் மரபணுவே மாறிவிடும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றுகிறது. இரண்டு பக்கமிருந்தும் வரும் கேள்விகளுக்குச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். அடிப்படை தெரிந்தவர்கள் முதல் கேள்வியைத் தாண்டிப் போகலாம்.

எபிஜெனடிக் மாற்றம் என்றால் என்ன?

உங்கள் கல்லீரல் செல்லிலும் தோல் செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்ற ஏற்பாடுதான் செல்லுக்குச் செல் வேறுபடுகிறது. டிஎன்ஏயின் எழுத்துகளைத் தொடாமல் இந்த ஏற்பாடு மட்டும் மாறி, செல் பிரியும்போது மகள் செல்களுக்கும் அப்படியே போய்ச் சேர்ந்தால் அது எபிஜெனடிக் மாற்றம்.

பிறழ்வு (மியூட்டேஷன்) என்பது புத்தகத்தில் அச்சுப்பிழை மாதிரி. எபிஜெனடிக் அடைப்பில் எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டு திறக்க வராது. படிக்க முடியாமல் போவது என்னவோ இரண்டிலும் நடக்கிறது.

ஒட்டவைக்கும் வழிகளில் நன்றாக ஆராயப்பட்டவை இரண்டு. ஒன்று, சைட்டோசின் என்ற டிஎன்ஏ எழுத்தின் மேல் மெத்தில் என்ற சின்ன வேதிக்குழு ஏறி உட்காருவது. இதுதான் மெத்திலேஷன். மரபணுவின் தொடக்கப் பகுதியான ப்ரமோட்டரில் இது அடர்த்தியாக ஏறிவிட்டால் அந்த மரபணு பொதுவாக அடங்கிவிடும். இரண்டாவது, ஹிஸ்டோன் புரதங்களில் வரும் மாற்றம். ஒரு செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏயை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அது ஹிஸ்டோன் உருளைகளில், உருளைக்கு 147 எழுத்து இணைகள் வீதம் சுற்றிக் கிடக்கிறது. உருளைகள் நெருங்கி இறுகினால் அங்கே உள்ள மரபணுவைப் படிக்க வழியில்லை.

சரி, புற்றுநோய் செல்லில் இது எப்படிக் கெடுகிறது?

ஒரே செல்லில், ஒரே நேரத்தில், இரண்டு எதிர்த் திசைகளில் கெடுகிறது. மொத்த டிஎன்ஏயையும் எடுத்துப் பார்த்தால் மெத்தில் குறைந்திருக்கும். 1983-இல் ஆண்ட்ரூ ஃபைன்பெர்க்கும் பெர்ட் வோகல்ஸ்டீனும் பெருங்குடல் புற்றுநோய்த் திசுவில் முதலில் கண்டது இந்தக் குறைவைத்தான். மெத்தில் குறைந்த இடங்களில், அடக்கி வைத்திருந்த பழைய வைரஸ் எச்சங்கள் விழித்துக்கொள்ளலாம், குரோமோசோம்கள் உடைந்து மாறிச் சேரலாம். அதே செல்லில், கட்டி வளர்வதைத் தடுக்கும் மரபணுக்கள் சிலவற்றின் ப்ரமோட்டரில் மட்டும் மெத்தில் அளவுக்கு மீறி ஏறியிருக்கும். 1989-இல் குழந்தைகளின் விழித்திரைக் கட்டியில் ஆர்பி மரபணுவிலும், 1990-களின் நடுவில் சிறுநீரகப் புற்றுநோயில் விஹெச்எல் மரபணுவிலும், பல கட்டிகளில் பி16 மரபணுவிலும் இதைக் கண்டார்கள்.

அப்படியானால் மெத்தில் குறைவது நல்லதா கெட்டதா? எலிகளிடம் கேட்டால் இரண்டு பதிலும் வரும். மெத்திலைப் பராமரிக்கும் நொதியான டிஎன்எம்டி1-ஐக் குறைத்தபோது, குடலில் பாலிப் (குடல் சுவரில் முளைக்கும் சிறு கட்டி) வரும்படி பிறந்த எலிகளுக்குப் பாலிப்கள் வெகுவாகக் குறைந்தன. இது 1995-இல். 2003-இல் அதே நொதியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து எலிகளை வளர்த்தார்கள். அவற்றுக்கு வேகமான லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய், வந்தது. உடம்பு முழுவதும் மெத்திலைக் கூட்டுகிறேன், குறைக்கிறேன் என்று யாராவது விற்க வந்தால் இந்த இரண்டு கூண்டு எலிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மெத்தில் ஏறியதுதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கட்டி வந்தபின் ஏற்பட்ட விளைவாக இருக்கலாமே?

நியாயமான சந்தேகம். கட்டியில் காணப்படும் மெத்திலேஷன் மாற்றங்களில் பெரும்பாலானவை வெறும் உடன்பயணிகள்தான். ஆனால் சில இடங்களில் காரணம் என்பதை மறுக்க முடியாது. அதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் எம்எல்ஹெச்1.

செல் பிரியும்போது டிஎன்ஏயை நகலெடுப்பதில் வரும் சிறு பிழைகளைத் திருத்தும் குழுவில் எம்எல்ஹெச்1 ஒரு முக்கிய உறுப்பினர். அது இல்லாவிட்டால் பிழைகள் குவியும். ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் இடங்களில்தான் அது பளிச்சென்று தெரியும். அதைத்தான் ரிப்போர்ட்டில் எம்எஸ்ஐ என்று எழுதுகிறார்கள். பெருங்குடல் புற்றுநோய்களில் சுமார் 15 சதவீதம் இந்த வகை. இதில் சிறு பகுதி லிஞ்ச் சிண்ட்ரோம், அதாவது பெற்றோரிடமிருந்து வந்த பிறழ்வு. மீதி பெரும்பகுதியில் எம்எல்ஹெச்1 மரபணுவில் ஒரு எழுத்துகூடத் தவறியிருக்காது. ப்ரமோட்டரில் மெத்தில் ஏறி அது மூடிக் கிடக்கும். 1998-இல் இப்படி மூடிக் கிடந்த புற்றுநோய் செல்களில் மருந்து கொடுத்து மெத்திலை நீக்கினார்கள். எம்எல்ஹெச்1 புரதம் திரும்ப உருவானது, பிழை திருத்தும் வேலையும் திரும்பியது. மூடியது மெத்தில்தான் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைப்பது கடினம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. எபிஜெனடிக் அடைப்பு ஒன்று, ஆனால் அதன் விளைவு ஆயிரக்கணக்கான பிறழ்வுகள். ஆகவே ‘பிறழ்வா, எபிஜெனடிக்ஸா’ என்று பட்டிமன்றம் வைப்பதில் எனக்கு ஈடுபாடு இல்லை. ஒன்று மற்றொன்றுக்கு வழி திறந்துவிடுகிறது.

என் அம்மாவின் ரிப்போர்ட்டில் எம்எல்ஹெச்1, பிஎம்எஸ்2 இரண்டும் ‘லாஸ்’ என்று இருக்கிறது. எங்களுக்கும் வருமா?

அந்த வரியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பிஎம்எஸ்2 புரதம் எம்எல்ஹெச்1 துணை இல்லாமல் நிலைக்காது, அதனால் இரண்டும் சேர்ந்து காணாமல் போவது வழக்கம். அடுத்து பார்க்க வேண்டியது ஏன் காணாமல் போனது என்பது. கட்டியில் எம்எல்ஹெச்1 மெத்திலேஷன் இருந்தாலோ, பிராஃப் என்ற மரபணுவில் வி600இ என்ற பிறழ்வு இருந்தாலோ, அது பெரும்பாலும் அவருடைய கட்டியில் மட்டும் நடந்தது. குறிப்பாக வயதானவர்களுக்கு, வலப்பக்கப் பெருங்குடலில் வந்த கட்டி என்றால் இந்த வாய்ப்பே அதிகம். இரண்டும் இல்லையென்றால் லிஞ்ச் சிண்ட்ரோமுக்கான இரத்தப் பரிசோதனையும் மரபியல் ஆலோசனையும் தேவை, அதன் முடிவைப் பொறுத்து பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் பரிசோதிக்க வேண்டியிருக்கும். மெத்திலேஷன் இருந்தும் நோயாளி இளவயதினர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். உடம்பின் எல்லாச் செல்களிலும் எம்எல்ஹெச்1 மூடியே இருக்கும் அபூர்வமான நிலையும் உண்டு.

சிகிச்சைக்கும் இந்த வரி முக்கியம். எம்எஸ்ஐ வகைப் பெருங்குடல் புற்றுநோய் பரவிய நிலையில் இருந்தால் பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி நன்றாக வேலை செய்கிறது. பிழை அதிகமாகக் குவிந்த செல்லை நோயெதிர்ப்பு மண்டலம் அந்நியனாக அடையாளம் காண்பது சுலபம்.

எபிஜெனடிக் ஏற்பாட்டைக் கெடுப்பதே ஒரு பிறழ்வாக இருக்கலாமா?

இருக்கலாம், அடிக்கடி அப்படித்தான் இருக்கிறது. மெத்திலை ஏற்றும், இறக்கும் நொதிகளும் ஹிஸ்டோனில் குறியிடும் நொதிகளும் மரபணுக்களிலிருந்து உருவாகின்றவைதானே. வயதானவர்களின் இரத்தத்தில் டிஎன்எம்டி3ஏ, டெட்2 மரபணுக்களில் பிறழ்வு கொண்ட செல்கூட்டங்கள் சத்தமில்லாமல் பெருகுவது சகஜம். அவர்களில் மிகச் சிலருக்கு மட்டுமே பின்னால் இரத்தப் புற்றுநோய் வருகிறது.

விநோதமான கதை ஐடிஹெச்1 உடையது. இது செல்லின் அன்றாட வளர்சிதை மாற்றத்தைச் சேர்ந்த சாதாரண நொதி, எபிஜெனடிக்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 2008-இல் மூளைக்கட்டிகளின் டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படித்தபோது இதில் பிறழ்வு அகப்பட்டது. அடுத்த வருடமே விடை வந்தது: பிறழ்ந்த நொதி 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் என்ற வேறொரு பொருளை உற்பத்தி செய்து குவிக்கிறது. அந்தப் பொருள் மெத்திலை இறக்கும் நொதிகளின் கையைக் கட்டிவிடுகிறது. ஏறிய மெத்தில் இறங்காமல் டிஎன்ஏ முழுவதும் சேர, செல் முதிர்ச்சியடையாமல் நின்றுவிடுகிறது. ஒரே எழுத்துப் பிழை, அதன் விளைவாக ஆயிரக்கணக்கான இடங்களில் எபிஜெனடிக் மாற்றம்.

குழந்தைகளுக்கு வரும் ராப்டாய்டு கட்டி இதைவிடக் கொடுமையானது. டிஎன்ஏ உருளைகளை நகர்த்தும் இயந்திரத்தின் ஒரு பாகமான ஸ்மார்க்பி1 மரபணு இரு பிரதிகளிலும் போய்விடுகிறது. அதைத் தாண்டிச் சொல்லும்படியான பிறழ்வுகள் கட்டியில் மிகக் குறைவு.

பிறழ்வே இல்லாமல் எபிஜெனடிக் மாற்றம் மட்டும் கட்டியை உண்டாக்குமா?

விலங்குகளில் உண்டாக்கியிருக்கிறார்கள். 2014-இல் ஜப்பானில் யசுஹிரோ யமடாவின் குழு, எலியின் உடற்செல்களைக் கருநிலைக்குத் திருப்பும் காரணிகளைச் சில நாட்கள் மட்டும் இயக்கிவிட்டுப் பாதியில் நிறுத்தியது. எலிகளின் சிறுநீரகத்தில், குழந்தைகளுக்கு வரும் வில்ம்ஸ் கட்டி போன்ற கட்டிகள் வந்தன. அந்தக் கட்டிச் செல்களை முழுமையாகக் கருநிலைக்குத் திருப்பியபோது, அவற்றிலிருந்து இயல்பான சிறுநீரகச் செல்களே உருவாயின. எழுத்து கெட்டிருந்தால் இது நடந்திருக்காது.

2024-இல் பிரான்சின் மோன்பெல்லியே நகரில் ஜாகோமோ கவல்லியின் குழு பழ ஈக்களில் இன்னும் சுத்தமாகக் காட்டியது. மரபணுக்களை அடக்கிவைக்கும் பாலிகோம்ப் புரதங்களைக் குறுகிய காலத்துக்கு மட்டும் நீக்கி, பிறகு திரும்ப வரவிட்டார்கள். புரதம் திரும்பியும் கட்டி நிற்கவில்லை, வளர்ந்துகொண்டே போனது. ஒருமுறை திறந்துகொண்ட சில மரபணுக்கள் தம்மைத்தாமே திறந்துவைத்துக்கொண்டன.

மனிதர்களில் இவ்வளவு சுத்தமான நிரூபணம் இல்லை. பச்சிளம் குழந்தைகளின் பின்மூளையில் வரும் ஒரு வகை எபென்டைமோமாவில் திரும்பத் திரும்பக் காணப்படும் பிறழ்வுகள் ஏறக்குறைய இல்லை, எபிஜெனடிக் மாற்றமோ தெளிவாக இருக்கிறது. நெருங்கி வரும் உதாரணம் அதுதான். ஈயில் நடந்ததை வைத்து ‘புற்றுநோய் மரபணு நோயே அல்ல’ என்று தலைப்புப் போட்டவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.

இந்த மாற்றங்கள் எதனால் வருகின்றன?

வயது முதல் காரணம். அடுத்தது நாள்பட்ட அழற்சி, இதற்கு இரைப்பையைப் பார்த்தால் போதும். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி உள்ளவர்களின் இரைப்பைச் சுவரில், புற்றுநோய் வருவதற்கு வெகு முன்பே பல மரபணுக்களில் மெத்தில் ஏறியிருக்கும். ஜப்பானில் டோஷிகாசு உஷிஜிமாவின் குழு கெர்பில் என்ற எலி போன்ற பிராணிகளில் கிருமியை அப்படியே இருக்கவிட்டு அழற்சியை மட்டும் மருந்தால் அடக்கியது. கிருமி இருந்தும் மெத்திலேஷன் ஏறவில்லை. ஆகக் குற்றவாளி அழற்சி. கிருமியை ஒழித்தால் அளவு இறங்குகிறது, ஆனால் கிருமியே வராதவர்களின் நிலைக்கு முழுதாக இறங்குவதில்லை.

புகையிலையும் தடம் பதிக்கிறது. இரத்தத்தில் ஏஹெச்ஆர்ஆர் மரபணுவின் மெத்திலேஷனைப் பார்த்தே ஒருவர் புகைப்பவரா என்று ஓரளவு சொல்லிவிடலாம். விட்டவர்களுக்குப் பெரும்பாலான தடங்கள் சில ஆண்டுகளில் மறைகின்றன, சில மட்டும் பல பத்தாண்டுகள் தங்கிவிடுகின்றன. எப்ஸ்டீன்-பார் வைரஸ் கொண்ட இரைப்பைப் புற்றுநோயில் மெத்திலேஷன் மிக உச்சத்தில் இருக்கிறது.

எம்ஜிஎம்டி மெத்திலேட்டட் என்றால் நல்லதா?

கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டியில் இது ஓரளவு நல்ல செய்தி. டெமோசோலோமைட் மாத்திரை, கட்டியின் டிஎன்ஏயில் குவானின் எழுத்தைச் சேதப்படுத்துகிறது. அந்தச் சேதத்தைப் பழுதுபார்ப்பது எம்ஜிஎம்டி புரதம். கட்டிக்குள் அந்த மரபணு மெத்திலால் மூடிக் கிடந்தால் பழுதுபார்க்க ஆளில்லை, மருந்து வேலை செய்கிறது. 2005-இல் வெளியான ஆய்வில், மெத்திலேட்டட் நோயாளிகள் கதிர்வீச்சோடு இந்த மாத்திரையும் எடுத்தபோது இடைநிலை ஆயுள் 21.7 மாதம், கதிர்வீச்சு மட்டும் என்றால் 15.3 மாதம். மெத்தில் இல்லாதவர்களுக்கு இதே எண்கள் 12.7, 11.8.

இடைநிலை என்றால் பாதிப்பேர் அதற்கு மேலும் இருந்தார்கள் என்று பொருள். அந்த எண்ணை உங்கள் வீட்டு நோயாளியின் நாட்காட்டியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எபிஜெனடிக் மாற்றத்தைத் திருப்ப மருந்து இருக்கிறதா?

இருக்கிறது, இருபது வருடமாகவே. அசாசைட்டிடினை 1960-களில் செக்கோஸ்லோவாக்கியாவில் சாதாரண கீமோ மருந்தாகத்தான் தயாரித்தார்கள். பெரிய டோஸில் நச்சுத்தன்மை அதிகம் என்று ஏறக்குறைய கைவிடப்பட்ட நிலை. பீட்டர் ஜோன்ஸும் ஷெர்லி டெய்லரும் இதை எலிச் செல்கள் மேல் விட்டபோது, தட்டில் இருந்த செல்கள் தசைச் செல்லாக மாறித் துடிக்க ஆரம்பித்தன. மருந்து மெத்திலேஷனைத் தடுப்பதால்தான் இப்படி என்று 1980-இல் எழுதினார்கள். டோஸைக் குறைத்துக் கொடுக்கும் யோசனைக்கு அங்கிருந்துதான் பலம் வந்தது. 2004-இல் எம்டிஎஸ் என்ற எலும்பு மஜ்ஜை நோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2009-இல் வந்த பெரிய ஆய்வில் ஆபத்து மிகுந்த எம்டிஎஸ் நோயாளிகளின் இடைநிலை ஆயுள் வழக்கமான சிகிச்சையில் 15 மாதமாகவும், இதில் 24.5 மாதமாகவும் இருந்தது.

இந்த ஊசியை ஆரம்பிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். செல் பிரியும்போதுதான் மருந்து டிஎன்ஏக்குள் நுழையும், ஆகவே பலன் மெதுவாகத்தான் தெரியும். மாதத்துக்கு 7 நாள் என்று நான்கு, ஆறு சுற்றுகள் ஆகலாம். முதல் இரண்டு சுற்றில் இரத்த அணுக்கள் இறங்குவதைப் பார்த்துப் பயந்து, தாமாகவே நிறுத்திவிடக் கூடாது.

மற்ற மருந்துகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தோல் லிம்போமாவுக்கு வோரினோஸ்டாட் 2006-இல் அனுமதி பெற்றது, எபிதீலியாய்டு சார்கோமா என்ற அரிய மென்திசுப் புற்றுநோய்க்கு டசெமெட்டோஸ்டாட் 2020-இல். மேலே சொன்ன ஐடிஹெச் பிறழ்வுள்ள, மெதுவாக வளரும் மூளைக்கட்டிக்கு வோராசிடெனிப் 2024-இல் வந்தது. மார்பகம், நுரையீரல் போன்ற திடக்கட்டிகளில் மெத்தில் நீக்கும் மருந்துகள் தனியாகப் பெரிதாகச் சாதிக்கவில்லை. உடம்பு முழுவதும் நீக்கினால் வேண்டாத மரபணுவும் திறந்துகொள்ளும், மருந்தை நிறுத்தினால் மெத்தில் திரும்ப ஏறும்.

எல்லாவற்றிலும் அழகான வெற்றி ஏபிஎல் என்ற இரத்தப் புற்றுநோயில் நடந்தது. இரண்டு மரபணுக்கள் ஒட்டி உருவான ஒரு புரதம், செல் முதிர்வதற்கான மரபணுக்களை ஹிஸ்டோன் வழியாகப் பூட்டி வைக்கிறது. வைட்டமின் ஏ-யின் உறவான ஏடிஆர்ஏ அந்தப் பூட்டைத் திறக்கிறது. 1988-இல் ஷாங்காய் மருத்துவர்கள் 24 நோயாளிகளில் இதைக் காட்டினார்கள். ஆர்செனிக் டிரையாக்சைடு இன்னும் ஒருபடி மேலே போய் அந்தப் புரதத்தையே சிதைத்துவிடுகிறது. விலை குறைவான அந்த மருந்தை மட்டும் வைத்தே வேலூர் சிஎம்சியில் சிகிச்சை அளித்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள்: 72 பேரில் 86 சதவீதத்தினருக்கு நோய் முழுதாக அடங்கியது. கீமோவுக்குச் செலவழிக்க முடியாத குடும்பங்களை மனதில் வைத்துப் பார்த்தால் அதன் மதிப்பு புரியும்.

மஞ்சள், ஃபோலிக் ஆசிட் எல்லாம் மெத்திலேஷனைச் சரிசெய்யும் என்கிறார்களே?

சோதனைத் தட்டில், மஞ்சளில் உள்ள குர்குமின் பலதும் செய்கிறது. வாய்வழியாக எடுத்தால் அதில் இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். குழம்பில் போடுங்கள், நல்லது. கீமோ நடக்கும்போது அடர்த்தியான மாத்திரையாக எடுப்பதென்றால் மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்காதீர்கள், மற்ற மருந்துகளோடு அது குறுக்கிடலாம்.

மெத்தில் தயாரிக்க ஃபோலேட் வேண்டும் என்பது உண்மை. அதனால் கூடுதலாகக் கொடுத்தால் புற்றுநோய் குறையும் என்று நினைத்து, ஏற்கெனவே பாலிப் வந்தவர்களுக்குத் தினம் 1 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2007-இல் வந்த முடிவு: பாலிப் குறையவில்லை, மூன்றும் அதற்கு மேலும் பாலிப் வந்தவர்கள் ஃபோலிக் ஆசிட் எடுத்த பக்கத்தில்தான் அதிகம். இதைப் படித்துவிட்டுக் கர்ப்பிணிகள் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது குழந்தையின் முதுகெலும்பு, மூளை வளர்ச்சிக்காகக் கொடுப்பது, அதன் கணக்கே வேறு.

என் கட்டியின் எபிஜெனடிக் மாற்றம் பிள்ளைகளுக்குப் போகுமா?

போகாது. குடலிலோ மூளையிலோ ஒரு செல்லில் நடந்தது கருமுட்டைக்கும் விந்தணுவுக்கும் போய்ச் சேராது. அதோடு, கரு உருவாகும் தொடக்கத்தில் பெரும்பாலான மெத்தில் குறிகள் அழிக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுகின்றன.

ரிப்போர்ட்டில் மெத்திலேஷன் பரிசோதனை பரிந்துரைத்திருக்கிறார்கள். செலவழிக்கலாமா?

எந்தக் கட்டி என்பதைப் பொறுத்தது. கிளியோபிளாஸ்டோமாவுக்கு எம்ஜிஎம்டி, எம்எல்ஹெச்1 காணாமல் போன பெருங்குடல் கட்டிக்கு அதன் மெத்திலேஷன், இரண்டும் சிகிச்சையையோ குடும்பத்தின் அடுத்த அடியையோ மாற்றக்கூடியவை. மைக்ராஸ்கோப்பில் பிடிபடாத மூளைக்கட்டிக்கு, மொத்த மெத்திலேஷன் வடிவத்தையும் பார்த்து வகை சொல்லும் முறை ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் உருவானது. 2018-இல் அதைச் சோதித்தபோது 12 சதவீதம் வரையிலான நோயாளிகளுக்கு நோயின் பெயரே மாறியது. ‘எபிஜெனடிக் வயது’ கண்டுபிடித்துப் புற்றுநோய் வருமா என்று சொல்கிறோம் என்னும் கிட்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான்.

பணம் கட்டுமுன் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: முடிவு இப்படி வந்தால் என்ன செய்வீர்கள், அப்படி வந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் யோசிக்கலாம். செய்வதென்று முடிவானால், அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையின் பேத்தாலஜி துறையில் பாரஃபின் பிளாக்கை, அதாவது கட்டித் திசுவை மெழுகில் பதித்து வைத்த கட்டியை, கேட்டு வாங்குங்கள். வெறும் ஸ்லைடு பல சமயம் போதாது. எந்த பிளாக்கில் கட்டித் திசு அதிகம் என்று அங்கேயே குறித்துத் தரச் சொல்லுங்கள், மிச்ச பிளாக்கைத் திரும்ப வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வெயிலிலும் காரின் டேஷ்போர்டிலும் வைத்தால் மெழுகு உருகிவிடும்.